நான்காம் வரிசைப் பெயர்

ஆகஸ்டு 19

ஐயா,

பொருள்: எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை உபரி எனக் காட்டப்பட்டமை. ஆணையை ரத்து செய்யக் கோருதல்.

தங்கள் பிரிவிலிருந்து வந்த ஆணை நேற்று மாலை கிடைத்தது. ஆகஸ்டு முதல் நாள் எண்ணிக்கையின்படி இப்பள்ளியில் நூற்று ஐம்பத்தொன்பது மாணவர்களே உள்ளனர் என்பதும், நூற்று அறுபது பேர் இருந்தால்தான் இரண்டு கணக்கு ஆசிரியர் பணியிடம் என்பதும், ஆகவே இருவரில் பணியில் இளையவரைப் இருபது நாட்களுக்குள் விடுவித்து, ஐந்து மணி நேரப் பேருந்துத் தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அறிந்தேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகளுக்கும் கணக்கு நடத்துபவர் அந்த இளையவர் ஒருவரே. பத்தாம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள் வரும் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுத இருக்கிறார்கள். ஆணையை மறுபரிசீலனை செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை

தம்பி, மேலே உள்ளது கோப்புக்கு. இது உனக்கு. இந்தத் தாளைக் கிழித்துத் தனியே வைத்துக்கொள்.

ஆணையின் அடியில், இணை இயக்குநரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், பச்சை மையில் உன் சுருக்கொப்பம் இருந்தது. முதலில் நான் பார்த்தது அதைத்தான். சிறுவயதில் அப்பா நம் இருவரையும் உட்கார வைத்துப் பாட்டு ஒப்பிக்கச் சொல்வாரே, அப்போது நீ சீர்களை விரல்விட்டு எண்ணுவாய்; நான் பொருள் கேட்பேன். அன்றே நமக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. நீ மாநிலம் முழுவதும் எண்ணுகிறாய். நான் இங்கே உட்கார்ந்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெண்பாவின் கடைசி அடியில் ஒரு சீர் குறைவது இலக்கணம். பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைவதையும் நீங்கள் இலக்கணமாக்கிவிட்டீர்கள்.

எல்லா உயிரையும் தனித்தனியே அறிந்தவன் என்று நாள்தோறும் காலையில் யாரைத் தொழுகிறேனோ, அவனுக்குப் பட்டியல் தேவையில்லை. உனக்குத் தேவை. அதைக் குறை சொல்லவில்லை. பட்டியலை ஒருமுறை மீண்டும் பார் என்றுதான் கேட்கிறேன்.

அக்கா

ஆகஸ்டு 27

அன்புள்ள அக்காவுக்கு,

"ஐயா" என்று தொடங்கும் உங்கள் கடிதத்தைப் பிரிவில் எல்லோரும் இருக்கும்போது பிரித்தேன். எதிர் மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அக்காவே பெட்டிஷன் போடுறாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பட்டியலை மீண்டும் பார்த்தேன். தவறு இல்லை. ஜூலை முப்பதில் உங்கள் பள்ளியில் நூற்று அறுபத்திரண்டு பேர். முப்பத்தொன்றாம் நாள் மூவரை நீக்கியிருக்கிறீர்கள். ஆகஸ்டு முதல் நாள் எண்ணிக்கை நூற்று ஐம்பத்தொன்பது. அந்த மூவரின் பெற்றோர் வேலை செய்த நூல் ஆலை மூடப்பட்டு, அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் அக்கா, இரண்டே இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ஆகஸ்டு இரண்டாம் நாள் நீக்கியிருந்தால் இந்த ஆணையே வந்திருக்காது. எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஜூலை கடைசி வாரத்தில் மாநிலத்தில் எந்தக் குழந்தையும் ஊரைவிட்டுப் போவதில்லை. எல்லாக் குடும்பமும் ஆகஸ்டு இரண்டாம் நாள்தான் மூட்டை கட்டுகிறது. பன்னிரண்டாயிரம் பள்ளிகளில் எண்ணும் நாளுக்கு முந்தின நாள் பெயர் நீக்கிய தலைமையாசிரியர் நீங்கள் ஒருவர்தான். எங்கள் பிரிவில் இதைச் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள்.

இந்த ஆண்டு மாநிலம் முழுவதும் உபரி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது; காலியிடமும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. ஓர் எண் கூடப் பிசகாமல் நிகர் செய்திருக்கிறேன். பதினைந்து நாள் இரவுபகல் உழைப்பு. இதில் ஒன்றை உருவினால் எல்லாம் சரியும்.

பதிவேட்டின்படி உங்கள் பள்ளிக்கு இனி ஒரு கணக்குப் பணியிடம். அது நிரப்பப்பட்டிருக்கிறது. காலியே இல்லாத இடத்துக்கு ஆள் அனுப்ப விதியில் வழியில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தானே இருக்கிறது? எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொள்ளாதீர்கள்.

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

கணக்கு டீச்சரை நேற்று விடுவித்துவிட்டேன். கடைசி மணி வரை பத்தாம் வகுப்பில் காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருந்தாள். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி உண்டு, வாயாடி. அவள்தான் கேட்டாள்.

"டீச்சர், நாங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்து சேத்துட்டா நீங்க திரும்ப வந்துடுவீங்களா?"

"ஒருத்தர் போதும்டி. ஆனா போன மாசம் ஒண்ணாம் தேதிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

"அதைப் போன மாசம் ஒண்ணாம் தேதியே சொல்லியிருக்கணும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் நெடுநேரம் திரும்பியே நின்றாள்.

இன்று முதல் ஏற்பாடு இது. ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குக்கு உடற்பயிற்சி ஆசிரியர் போகிறார். பிள்ளைகள் அவரை விசில் சார் என்பார்கள். நல்ல மனிதர். வாய்பாட்டை விசிலுக்கு ஏற்ப அணிவகுப்பாகச் சொல்ல வைக்கிறார். ஏழாம் வாய்பாடு வரும்போது பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடுகிறது. எட்டும் ஒன்பதும் அறிவியல் ஆசிரியர் தலையில். பத்தாம் வகுப்பு என் தலையில். இலக்கியம் படித்தவள், அறுபதை நெருங்குகிறவள், முந்தின நாள் மாலை கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, மறுநாள் அதையே கரும்பலகையில் இறக்குகிறேன். இன்று பாதியில் நின்றேன். மூன்றாம் பெஞ்சு எழுந்தது.

"மிஸ், மூணாவது வரியில மைனஸ் விட்டுட்டீங்க. அதான் முட்டிக்கிட்டு நிக்குது."

துடைத்துவிட்டுக் குறியைப் போட்டேன். கணக்கு வந்துவிட்டது. என் முகம் சிவந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். "நிரப்பப்பட்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது உன் பேனா ஒரு கணமாவது நின்றதா? யாரால் நிரப்பப்பட்டிருக்கிறது என்பதை நீயும் அறிவாய், நானும் அறிவேன். ஆனாலும் முதல் கடிதத்தில் நானும் அதை எழுதவில்லை, உன் பதிலில் நீயும் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் நான்காம் வரிசையில் ஒரு பெயர் இருக்கிறது. கணக்கு ஆசிரியர். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் சிவப்பு மையில் "மாற்றுப் பணி" என்று நான்தான் எழுதி வருகிறேன். அது உன் பெயர்.

இரண்டு பணியிடத்தில் ஒன்றில் நீ, மற்றொன்றில் அவள். தாளில் இருப்பவர் மூத்தவர். வகுப்பில் நின்றவர் இளையவர். உன் விதி, நின்றவரை அனுப்பிவிட்டுத் தாளில் இருப்பவரை எனக்கு விட்டுவைத்திருக்கிறது.

அந்த இடத்தை விட்டுக்கொடு. இயக்குநரகத்திலேயே உன்னை நிலையாக எடுத்துக்கொள்ளச் சொல். என் பள்ளியின் கணக்கு ஆசிரியர் என்ற பெயர் உனக்கு எதற்கு?

அக்கா

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் பத்து நாள் இருந்தேன்.

உங்கள் பள்ளியில் என் பணியிடத்தை வைக்கச் சொல்லி நான் காலில் விழவில்லை. பதினோரு ஆண்டுக்கு முன், உங்கள் மருமகளுக்கு மூன்று வயதில் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது, பேச்சுப் பயிற்சி தலைநகரில்தான் கிடைக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, "நீ போடா, உன் இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது யார்? ஒப்புதல் கடிதத்தில் தலைமையாசிரியை என்று கையெழுத்திட்டது யார்? அன்று அந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்து, இறைவன் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்றும் சொன்னீர்கள்.

இரண்டு ஆண்டு என்றுதான் போனேன். அது பதினோரு ஆண்டானது என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். ஆலை மூடி ஊரைவிட்டுப் போன மூன்று குழந்தைகளின் பெயரை இரண்டே இரண்டு நாள் கூடுதலாகச் சுமக்க உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. என் பெயரை மட்டும் பதினோரு ஆண்டு எப்படிச் சுமந்தது? காலையில் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து, அதே கையால்தானே அந்தச் சிவப்பு மையைத் தொட்டீர்கள்?

நிலையாக எடுத்துக்கொள்ளச் சொல் என்கிறீர்கள். இங்கே அப்படி ஒரு பணியிடமே கிடையாது. எங்கள் பிரிவில் ஒன்பது மேசை. மூன்று பேர்தான் இயக்குநரகத்து ஆள். மீதி ஆறு பேரும் என்னைப் போல எங்கோ ஒரு பள்ளியின் பதிவேட்டில் பெயராக இருப்பவர்கள். பள்ளிகளுக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று எண்ணுவதற்கே பள்ளிகளிலிருந்து ஆள் எடுத்துத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பணியைத் துறந்துவிடவா? அதைத்தான் சொல்ல வருகிறீர்களா? சொல்லுங்கள்.

தம்பி

அக்டோபர் 9

தம்பி,

உன் கடிதம் மேசை இழுப்பறையில் இருபது நாள் இருந்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் பதிலில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் என்னை நியாயப்படுத்தியிருந்தேன். மூன்றாவதில் அப்பாவை இழுத்திருந்தேன். மூன்றும் வேண்டாம்.

நீ கேட்டது சரியான கேள்வி. மெய் என்று நான் பிடித்துக்கொண்டிருந்தது பிறர் பிள்ளைகளின் பெயரில் மட்டும்தான். அது எளிதாக இருந்தது. அதில் எனக்கு நட்டம் எதுவும் இல்லை. என் வீட்டுப் பெயர் வந்த இடத்தில் மையின் நிறத்தை மாற்றி எழுதிவிட்டு, எழுதியதெல்லாம் மெய்தானே என்று இருந்துவிட்டேன். "மாற்றுப் பணி" என்பது பொய்யில்லை. அதுதான் என்னை இத்தனை நாள் ஏமாற்றியது. தொழுகையில் எவ்வளவு சொற்களை உச்சரித்திருப்பேன்! அந்த ஒரு சொல் நடுவில் கிடந்து இடறவே இல்லை.

பணியைத் துறக்கச் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தைக்குக் காது கிடைத்ததில் எனக்குக் குறையே இல்லை. இப்போது அவள் தொலைபேசியில் "அத்தை, ஏன் இவ்ளோ சத்தமா பேசுறீங்க? எனக்குத்தான் நல்லாக் கேக்குதே" என்று என்னையே அதட்டுகிறாள். அந்தக் கையெழுத்தை மறுபடியும் போடச் சொன்னாலும் போடுவேன். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் "திரும்பி வா" என்று ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியவர்கள் நாற்பத்தாறில் ஒன்பது பேர். போன ஆண்டு இதே தேர்வில் முப்பத்தெட்டு. சென்ற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மூன்றாம் பெஞ்சின் தாய் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருந்தாள்.

"எல்லாரும் ஆள் வருவாங்க வருவாங்கன்னு சொல்றீங்க மேடம். எப்ப வருவாங்க? எம் பொண்ணு டிப்ளமா சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கணக்குல போச்சுன்னா அப்புறம் என்கூட மிஷின்லதான் உக்காரணும். எனக்கு நல்ல வேலைதான், நான் கேவலமா சொல்லல. ஆனா அவ கேட்டது அது இல்லயே."

அரசு ஏற்பாடு செய்யும் என்று சொல்ல வாய் திறந்தேன். வேறு ஒன்று வந்தது. "ஆள் வரமாட்டாங்கம்மா. ஏன்னா இடம் காலி இல்ல. அந்த இடத்துல என் தம்பி பேர் இருக்கு. அதுக்குக் கையெழுத்துப் போட்டது நான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு பின்வரிசையில் ஒருவர், "அப்ப உங்க தம்பியையே வரச் சொல்லுங்க" என்றார். மிக இயல்பாகச் சொன்னார், கடைக்குப் போகும்போது இதையும் வாங்கி வா என்பதுபோல.

அன்று மாலையே மாவட்ட அலுவலருக்கும் இதை எழுதி அனுப்பிவிட்டேன். உன் பெயரும் அதில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

கணக்கு டீச்சரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அவளை அனுப்பிய பள்ளியில் காலியாக இருந்தது வரலாற்று ஆசிரியர் இடமாம். அரசர்களின் ஆட்சிக்காலம் நடத்துகிறாள். "கழித்தலாவது வருகிறது, மேடம்" என்று எழுதியிருக்கிறாள். உன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அங்கேயும் நிகராகிவிட்டது.

அக்கா

அக்டோபர் 24

அக்கா,

உங்கள் புகாரின் நகல் என் மேசைக்கே வந்தது. மாவட்ட அலுவலகம் "தக்க நடவடிக்கைக்கு" என்று பிரிவுக்கு அனுப்பியிருக்கிறது. அதைப் பதிவு செய்து வரிசை எண் கொடுத்தவன் நான்தான். என் பெயர் உள்ள புகாருக்கு என் கையாலேயே எண் போட்டேன். எதிர் மேசைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

மூன்று நாள் கோபமாக இருந்தேன். உங்கள் மருமகளிடம் சொன்னேன். "அத்தை பொய்யா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் என்னப்பா?" என்று காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

நான்காம் நாள் ஒரு வேலை செய்தேன். மாநிலம் முழுவதும் "நிரப்பப்பட்டது" என்று நான் குறித்த இடங்களில், என்னைப் போல ஆள் வேறெங்கோ இருக்கும் இடம் எத்தனை என்று எண்ணினேன். இயக்குநரகம், மாவட்ட அலுவலகங்கள், பயிற்சி நிலையம், தேர்வுத் துறை, அமைச்சர் அலுவலகத்தில் கடிதம் எழுத ஒருவர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர் பதினேழு பேர். மொத்தம் அறுநூற்று எண்பத்து மூன்று. அக்கா, பதினோரு ஆண்டு ஒவ்வோர் ஆகஸ்டும் எண்ணுகிறேன். இந்தக் கேள்வியை எண்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடையில் நானும் வந்திருப்பேன்.

குறிப்பு எழுதி இணை இயக்குநரிடம் கொண்டுபோனேன். படித்தார்.

"இந்த அறுநூத்து எம்பத்து மூணுல நீயும் ஒருத்தன்தானே?"

"ஆமா சார்."

"அப்ப எதுக்குய்யா நீயே போய் உன் தலையைக் குடுக்கிற?"

"எண்ணிக்கைல விட்டா தப்பாயிடும் சார்."

"இந்த ஆபீஸ்ல பாதிப் பேர் இதுல இருக்காங்க. எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டா சம்பளப் பட்டியல நானா போடுவேன்?"

குறிப்பின் மேல் "பார்க்கப்பட்டது" என்று எழுதி, நாளையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பார்க்கப்பட்டது உண்மைதான்.

அங்கேயே இரண்டாவது தாளையும் நீட்டினேன். என்னை என் பள்ளிக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்ட விண்ணப்பம். இன்று பதில் வந்தது. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: "பணியிட நிர்ணயப் பிரிவில் பணியாளர் பற்றாக்குறை நிலவுவதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை."

இரண்டு முறை படித்தேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

தம்பி

நவம்பர் 13

தம்பி,

எனக்கு வந்தது, அந்தச் சிரிப்பு. விசில் சாரிடம் படித்துக் காட்டினேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம், அவங்களுக்கும் ஆள் இல்லையாமே, பாவம். நம்ம பள்ளியில இருந்து ஒருத்தரை அனுப்பலாமா?" என்றார். சிரித்து முடித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எனக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. விளக்கம் கேட்டு. பணியிடம் நிரப்பப்பட்டிருக்கும்போது ஆசிரியர் இல்லை எனப் பெற்றோரிடம் தவறான தகவல் தெரிவித்தது ஏன் என்று பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டுமாம். பதிலோடு வருகைப் பதிவேட்டின் பதினோரு ஆண்டுப் பக்கங்களையும் நகலெடுத்து வைக்கிறேன். நான்காம் வரிசையை மட்டும் படிக்கட்டும்.

உன் விண்ணப்பத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று நினைக்காதே. எழுதினாய் என்பதே போதும் என்று சொல்லி உன்னைத் தட்டிக்கொடுக்கலாம். ஆனால் போதாது. ஒரு பக்கம் நீ எழுதுகிறாய், ஒரு பக்கம் நான் எழுதுகிறேன், இரண்டுக்கும் எண் விழுகிறது. இதற்கிடையே இங்கே நவம்பர் பாதி போய்விட்டது. வடிவியல் தொடங்கவே இல்லை. எனக்கு அது வராது. வட்டத்தின் தொடுகோட்டைப் பற்றிப் படித்துப் படித்துப் பார்க்கிறேன். கையேடு சொல்கிறது, என் அறிவு கேட்கிறது, கை வரைய மறுக்கிறது. நேற்று வகுப்பில் கவராயம் நழுவி வட்டம் முட்டையாகிவிட்டது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பு முடிந்து வந்து வழக்கமான வேளையில் தொழ உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டு கேட்காத ஒன்றை முதன்முறை கேட்டேன். அமைதி கொடு என்று கேட்கவில்லை. எரிச்சலைக் குறைக்காதே என்று கேட்டேன். குறைந்தால் ஏப்ரலில் ஓய்வுபெற்றுப் போய்விடுவேன். தாளில் ஒருவர் இருக்க, வகுப்பில் யாருமில்லாமல் இது அப்படியே இருக்கும்.

அந்தப் பின்வரிசைக்காரர் மறுபடி வந்தார். "தம்பி என்ன சொன்னாரு?" என்றார். உத்தரவு இல்லை என்றேன். "உத்தரவு இல்லாமத்தானே அங்க போய்ப் பதினோரு வருஷம் இருந்தாரு?" என்றார். இரண்டு ஆண்டுக்கு உத்தரவு இருந்தது என்று சொல்ல நினைத்தேன்.

அக்கா

நவம்பர் 24

அக்கா,

பின்வரிசைக்காரர் சொன்னதைத் தலைநகரில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

எனக்குத் தொண்ணூறு நாள் விடுப்பு சேர்ந்திருக்கிறது. கேட்டு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் "கணக்கு நடத்த" என்று எழுதியிருந்தேன். இணை இயக்குநர் கூப்பிட்டார்.

"காரணம்னு இதை எழுதினா எவன்யா கையெழுத்துப் போடுவான்? சொந்த வேலைன்னு எழுது."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்த அறுநூத்து எம்பத்து மூணு பேர் லிஸ்ட்டை எடுத்துட்டுப் போயிடாத. இங்கயே இருக்கட்டும்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னாரா, பூட்டி வைக்கச் சொன்னாரா, தெரியவில்லை. ஒரு நகல் என் பையில் இருக்கிறது. வந்து தருகிறேன். உங்கள் விளக்கம் போன இடத்துக்கே அதையும் அனுப்பிவிடுங்கள். எண் போட வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

டிசம்பர் முதல் நாள் திங்கட்கிழமை வருகிறேன். பிப்ரவரி கடைசி வரை. அதன்பின் தேர்வுக்குப் பத்து நாள். அதை அப்போது பார்ப்போம். அடுத்த ஜூன் மாதம் என்னவாகும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மற்ற அறுநூற்று எண்பத்திரண்டு இடத்துக்கும் தெரியாது.

அக்கா, ஒன்றை இதுவரை சொல்லவில்லை. உத்தரவு வரவில்லை என்பது மட்டும் காரணமில்லை. இத்தனை ஆண்டில் நான் ஒருமுறைகூடத் திரும்பிவரக் கேட்காததற்கு வேறு காரணம் உண்டு. எனக்குப் பயம். பதினோரு ஆண்டாகச் சுண்ணக்கட்டியைத் தொடவில்லை. மேசையில் எண்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. நாற்பத்தாறு பேர் நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தொடுகோடு மறந்துவிடுமோ என்று இருக்கிறது. நேற்று சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். உங்கள் மருமகள் பிள்ளையாக எதிரில் உட்கார்ந்தாள். "சார், சத்தமாச் சொல்லுங்க, கேக்கல" என்றாள். வேண்டுமென்றேதான் சொன்னாள்.

எந்தப் பாடத்திலிருந்து தொடங்கட்டும்?

தம்பி

நவம்பர் 28

தம்பி,

வட்டத்திலிருந்து தொடங்கு. நான் வரைந்த முட்டை கரும்பலகையின் வலது மூலையில் இன்னும் இருக்கிறது. துடைக்க வேண்டாம் என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தி வட்டமாக்கு. அதுவே உனக்கு முதல் கணக்கு. பயம் என்று எழுதியிருக்கிறாயே, அதை வகுப்பில் மறைக்க முயலாதே. மறைத்தாலும் மூன்றாம் பெஞ்சு கண்டுபிடித்துவிடும். குறியை மட்டும் விட்டுவிடாதே. எனக்கே விட்டுக்கொடுக்காதவள் உனக்கு விட்டுக்கொடுப்பாள் என்று எதிர்பார்க்காதே.

சுண்ணக்கட்டி என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தது. விசில் சார் இறுக்கிக் கொடுத்திருக்கிறார். தையல்காரியிடம் சொன்னேன், நீ வருகிறாய் என்று. "மூணு மாசத்துக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா ஆறு மாசமாகியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்ற என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

என் விளக்கத்துக்குப் பதில் வந்துவிட்டது. "விளக்கம் ஏற்கப்படவில்லை, எதிர்காலத்தில் எச்சரிக்கையாக இருக்க அறிவுறுத்தப்படுகிறது." ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு இருக்கும் எதிர்காலத்தில் எச்சரிக்கையாகவே இருப்பேன். உன் பட்டியலைக் கொண்டுவா. இன்னொரு கடிதத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது எனக்கு.

இனி பதிவேடு. டிசம்பர் மாதத்துக்குப் புதுப் பக்கம் கோடு போட்டுவிட்டேன். நான்காம் வரிசையில் உன் பெயரை எழுதினேன். சிவப்பு மையை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ விடுப்பில் இருக்கிறாய். ஆகவே ஒவ்வொரு நாளும் "விடுப்பு" என்றுதான் எழுத வேண்டும். வேறெதுவும் எழுத எனக்கு உரிமை இல்லை. விடுப்பில் இருப்பவர் வகுப்பெடுக்கலாமா என்று விதிநூலைப் புரட்டினேன். தன் பள்ளியில் பாடம் நடத்துவதற்காகவே ஒருவர் விடுப்பெடுத்து வருவார் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

பதினோரு ஆண்டு நீ பணியில் இருப்பதாக எழுதினேன். வகுப்பில் நீ இல்லை. திங்கள் முதல் நீ விடுப்பில் இருப்பதாக எழுதுவேன். வகுப்பில் நீ இருப்பாய். இரண்டுக்கும் கீழே என் கையெழுத்துதான்.

முதல் மணி ஒன்பது நாற்பதுக்கு. பேருந்து தாமதம் என்று சொல்லிக்கொண்டு வராதே. விடுப்பில் இருப்பவர் தாமதமாக வந்தார் என்று எழுத என் பதிவேட்டில் கட்டமில்லை.

அக்கா